வெண்முரசு: எந்த நூலில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடலாம்?

(மூன்று பேர் எழுதிக்கொண்டவை. தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் ஊர்.)

மே 28, காலை. கோத்தகிரி

ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல் வரிசையா எழுதின வெண்முரசு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். இருபத்தாறு நூல்னு பார்த்ததும் மலைப்பா இருக்கு. வரிசையாத்தான் படிக்கணுமா? நீலம் சின்ன நூல், தனியாவே நிக்கும்னு சொல்றாங்க. அதுல தொடங்கினா என்ன? இல்லேன்னா எனக்குக் கர்ணன் பிடிக்கும், நேரா வெய்யோன். மகாபாரதம் டிவியில பார்த்ததுதான். தினமும் கோத்தகிரி–குன்னூர் பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம் கையில இருக்கு.

மே 28, மதியம். குன்னூர்

வரிசையாகத்தான். எழுதி வந்த வரிசை.

இங்கிலீஷ் மிகைபுனைவுத் தொடர்களில் வெளிவந்த வரிசையா, கதைக்கால வரிசையா என்று அடித்துக்கொள்வார்கள். நம் ஊரிலேயே அந்தச் சண்டைக்கு இடம் உண்டு. கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவு, கதைப்படி அதற்கு முந்தையது பின்னால் எழுதிய சிவகாமியின் சபதம். சபதத்தை முதலில் படித்துவிட்டுப் போனால் கனவில் வரும் மாறுவேட முடிச்சு பாதி தளர்ந்துவிடும். வெண்முரசில் அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. எழுதிய வரிசையும் கதை நகரும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய காலத்துக்குப் போகும் இடங்கள் எல்லாம் யாரோ யாருக்கோ சொல்லும் கதைகளாக உள்ளே வரும்.

வெய்யோனில் தொடங்கினால் என்ன கெடும்? அது ஒன்பதாவது நூல். அதற்குள் கர்ணன் அங்கநாட்டு அரசன். அவன் பட்ட அவமானங்கள் முன்னாலேயே நடந்து முடிந்தவை: இளமை வண்ணக்கடலில், சுயம்வர அரங்கு பிரயாகையில். வெய்யோனில் அவன் ஒரு சொல் பேசாமல் நிற்கும் இடங்கள்தான் கனமானவை. பின்னால் இருப்பது தெரியாதவருக்கு அவன் சும்மா நிற்கிறான் என்றே தோன்றும்.

நீலம் பற்றி இரவு எழுதுகிறேன்.

மே 28, இரவு. குன்னூர்

முதலில் முழு வரிசை, கொத்துக் கொத்தாக. நோட்டில் எழுதிக்கொள்.

முதற்கனல், மழைப்பாடல், வண்ணக்கடல். இவை அடித்தளம். பீஷ்மர், அம்பையில் தொடங்கிப் பாண்டவர்களும் கௌரவர்களும் வளர்ந்து நிற்பது வரை. அடுத்து நீலம், ராதையும் கண்ணனும்.

பிரயாகை, வெண்முகில் நகரம், இந்திரநீலம், காண்டீபம், வெய்யோன், பன்னிரு படைக்களம். திரௌபதி பிறப்பிலிருந்து சூதாட்டம் வரை ஒரே ஏற்றம்.

சொல்வளர்காடு, மாமலர், கிராதம், நீர்க்கோலம். காடும் தலைமறைவும்.

எழுதழல், குருதிச்சாரல், இமைக்கணம். போருக்கு முந்தைய தூது, பேச்சு, பிறகு கீதை.

செந்நா வேங்கை, திசைதேர் வெள்ளம், கார்கடல், இருட்கனி, தீயின் எடை. போர்.

நீர்ச்சுடர், களிற்றியானை நிரை, கல்பொருசிறுநுரை, முதலாவிண். மிச்சம்.

நீலத்தில் தொடங்காதே. அளவு சிறியது, மொழி அப்படி இல்லை. உரைநடையாக அச்சாகியிருக்கும் பாட்டு அது. சொற்றொடர் கதையை நகர்த்தாது, ஒரே இடத்தில் சுழலும். அதைப் படித்துவிட்டு 'மொத்தமும் இப்படித்தான்போல' என்று மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். மற்ற இருபத்தைந்தும் அப்படி இல்லை. தேவைப்பட்டால் நான்காவது இடத்திலிருந்து தள்ளி, ஏழாவதான இந்திரநீலத்துக்கு முன் வைத்துக்கொள். அங்கே துவாரகை வருகிறது, பொருந்தும்.

மே 29. கொடைக்கானல்

கிராதம் பன்னிரண்டு, மாமலர் பதின்மூன்று. மாற்றி எழுதிட்டீங்க. வரிசை முக்கியம்னு வகுப்பு எடுக்கறவர் வரிசையிலேயே கோட்டை விடலாமா?

மே 29. குன்னூர்

சரிதான். கிராதம், பிறகு மாமலர். அர்ஜுனன் பாசுபதம் தேடிப் போவது முன்னால், பீமன் மலர் தேடிப் போவது பின்னால். மாமலருக்குள் புரூரவஸ், யயாதி என்று குலமூதாதையர் கதைகள் வருவதால் அது எங்கு வைத்தாலும் நிற்கும் என்ற நினைப்பு கையை இழுத்துவிட்டது. நோட்டில் எழுதியிருந்தால் திருத்திக்கொள் தம்பி.

மே 29, இரவு. கோத்தகிரி

திருத்திட்டேன் அண்ணா. முதற்கனல் இணையத்துல ஓசியா இருக்குன்னு திறந்தேன். பாம்பு, மானசாதேவி, ஆஸ்திகன்னு போகுது. பீஷ்மரைக் காணோம். சரியான நூலைத்தான் திறந்திருக்கேனா?

மே 30. குன்னூர்

சரியான நூல்தான். 'வேள்விமுகம்' என்ற முதல் பகுதி ஜனமேஜயனின் சர்ப்பவேள்வியில் நடப்பது. ஜனமேஜயன் அர்ஜுனனின் கொள்ளுப்பேரன். அதாவது கதை முடிந்து இரண்டு தலைமுறைக்குப் பிறகு வாசல் திறக்கிறது. வியாச பாரதமும் அப்படித்தான் தொடங்கும், டிவிக்காரர்கள் அதை வெட்டிவிட்டு கங்கைக் கரைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பகுதியில் வரும் படைப்புக் கதையில் எல்லாம் புரியவேண்டும் என்று நின்று மல்லுக்கட்டாதே. கடந்து போ. அஸ்தினபுரிக்குள் நுழைந்ததும் தரை தட்டுப்படும். அந்த முதல் பகுதிக்குத் திரும்பி வரவேண்டிய இடம் முதற்கனல் முடிந்த அன்று. அரைமணி நேரம்தான் ஆகும். அப்போது நாகங்கள் எதற்கு என்று தெரியும்.

தொடங்குவதற்கு முன் ராஜாஜியின் வியாசர் விருந்து ஒரு தடவை. ஒரு வாரத்தில் முடியும். கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்ற பயம் இங்கே வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை இது, எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் இத்தனை பக்கம். கதை தெரியாமல் போனால் பெயர்களிலேயே மூச்சு முட்டும்.

ஆனால் டிவி பாரதத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போகாதே. காந்தாரி தனியாக வருவதில்லை, தங்கைகளும் மருமகள்களாக வருகிறார்கள். துரியோதனன் மீசை முறுக்கும் வில்லன் இல்லை. சபையில் துகிலுரியும் இடமும் நீ பார்த்த மாதிரி இருக்காது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஜூன் 2. குன்னூர்

பெயர் நோட்டு. இது இல்லாமல் மழைப்பாடலைத் தாண்டுவது கஷ்டம்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று. முன்னாலிருந்து மனிதர்கள், பின்னாலிருந்து ஊர்கள். மனிதர்களுக்கு நாடு வாரியாக இரண்டு பக்கம்: அஸ்தினபுரிக்கு மட்டும் ஆறு ஒதுக்கு, பாஞ்சாலம், யாதவர், காந்தாரம், மகதம், காசி, மத்ரம், சிந்து, விதர்ப்பம், அங்கம் இவற்றுக்கு இரண்டிரண்டு போதும். ஒரு பெயர் எழுதினால் கீழே மூன்று வரி காலி விடு. ஒரே ஆளுக்கு நாலு பெயர் வரும். குந்தி பிருதை, கர்ணன் ராதேயன் வசுஷேணன், திரௌபதி பாஞ்சாலி கிருஷ்ணை. 'இளைய யாதவர்' என்று வந்தால் கிருஷ்ணன், 'மூத்த யாதவர்' பலராமன்.

எல்லோரும் செய்யும் தப்பு, முதல் நாளே இணையத்திலிருந்து வம்சமரத்தை அச்செடுத்து ஒட்டிக்கொள்வது. அதில் நூற்றைம்பது பெயர் இருக்கும், உனக்குத் தேவை பதினைந்து. நாவலில் வரும்போது நீயே எழுது. கை எழுதியது நினைவில் நிற்கும். சேடி, சூதர், காவலர் பெயர்களை மூன்று தடவை வந்த பிறகு எழுதினால் போதும்.

ஊர்ப் பக்கத்தில் ஆறுகளை விட்டுவிடாதே. அஸ்தினபுரி கங்கைப் பக்கம், இந்திரப்பிரஸ்தம் யமுனைக் கரை, துவாரகை மேற்குக் கடல். வண்ணக்கடலில் இளநாகன் என்ற தமிழ்ப் பாணன் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போவான். அவன் வழியை ஒரு கோடாக வரைந்து வைத்தால் பாரதம் முழுவதற்குமான வரைபடம் பாதி முடிந்தது. அந்தப் பயணப் பகுதிகளைத் தாண்டிவிட்டுத் துரோணர், ஏகலைவன் பக்கம் போய்விடலாம் என்று தோன்றும். தாண்டாதே. ஊர் ஊராக அவன் கேட்கும் கதைகளின் வழியாகத்தான் மற்றவை வருகின்றன.

ஜூன் 3. கோத்தகிரி

கணக்கு சொல்லுங்க. எவ்வளவு நாள் ஆகும்?

ஜூன் 3. குன்னூர்

மொத்தம் இருபத்திரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் என்றால் மூன்று வருடம்.

ஜூன் 3. கொடைக்கானல்

முப்பது பக்கம்னா 733 நாள். ரெண்டு வருஷம். இருபது பக்கம்னாத்தான் மூணு. தம்பியைப் பயமுறுத்தாதீங்க. எப்படியும் வனவாசத்தைவிடக் குறைவு. கொடைக்கானல்ல 2018ல பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி 2030ல வரணும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவுல பதினொரு பக்க வேகத்துல போனாலே ரெண்டு தடவை படிக்கலாம்.

ஜூன் 3, இரவு. குன்னூர்

இரண்டு வருடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் கணக்கையும் பார்: பதினொரு பக்கம் என்றால் ஒரு தடவைக்கு ஐந்தரை வருடம், இரண்டு தடவைக்குப் பதினொன்று. ஒரு வருடம் ஓய்வு மிச்சம். சரியாகத்தான் வருகிறது, போ.

பக்கக் கணக்கைவிட அத்தியாயக் கணக்கு நல்லது. 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை, நூலுக்கு நூல் இடைவெளி விட்டு, தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வந்தது. எழுத்தின் மூச்சே அந்த அளவில்தான் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு காட்சியில் தொடங்கி ஒரு கொக்கியில் முடியும். தினம் இரண்டு அத்தியாயம் நல்ல வேகம். நாலுக்கு மேல் போனால் வர்ணனைகளைக் கண் தானாகத் தாண்ட ஆரம்பிக்கும், அது தெரிந்தவுடன் மூடிவிடு. ஒரு நூல் முடிந்தால் நாலைந்து நாள் விடு. இடையில் நிறுத்துவதானால் நூல் நடுவில் நிறுத்தாதே, 'பகுதி' முடிவில் நிறுத்து.

பஸ் விஷயம். கோத்தகிரி–குன்னூர் இருபது கிலோமீட்டரும் வளைவு. மொபைலைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும், டவரும் நடுவில் போய்விடும். பஸ்ஸில் புது அத்தியாயம் வேண்டாம். முந்தின இரவு படித்ததை, வீட்டிலேயே சேமித்து வைத்த பக்கமாக, உரையாடல் உள்ள இடங்களை மட்டும் திரும்பப் பார். வர்ணனைக்கு மேஜை வேண்டும்.

ஜூன் 9. கொடைக்கானல்

எல்லாரும் நிறுத்தற இடம் எதுன்னு சொல்லிடுங்க, முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

ஜூன் 10. குன்னூர்

நான்கு இடம்.

ஒன்று நீலம், பேசிவிட்டோம்.

இரண்டு, சொல்வளர்காடு. பன்னிரு படைக்களத்தின் கொதிப்பிலிருந்து இறங்கியவுடன் கல்விச்சாலை கல்விச்சாலையாக வேதாந்தத் தர்க்கம். கை பரபரக்கும், பழிவாங்கல் எப்போது என்று. தருமனுக்கும் அந்தப் பரபரப்பு இருக்கிறது, நூல் அதைத்தான் தணிக்கிறது. அதனால் படைக்களத்துக்கும் இதற்கும் நடுவில் வழக்கமான நாலு நாள் போதாது, இரண்டு வாரம் விடு. அந்த இடைவெளியில் பாரதியின் பாஞ்சாலி சபதம் படி. முதல் பாகம் 1912, இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924. அதையே படைக்களத்துக்கு முன்னால் படிக்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்குப் பின்னால்தான் சரியாகப் படுகிறது, முன்னால் படித்தால் பாரதியின் ஓசை காதில் நின்று நாவலின் மௌனங்களைக் கேட்கவிடாது.

மூன்று, இமைக்கணம். கீதை. யமன் நைமிஷாரண்யத்துக்கு வந்து கேட்கும் சட்டகம். தினம் ஓர் அத்தியாயம், அதற்கு மேல் ஒருபோதும் வேண்டாம்.

நான்கு, போர் நூல்களின் நடு. சலிப்புதான் காரணம், கடினம் அல்ல. சாவு மேல் சாவு. இதற்கு மருந்து நோட்டில் ஒரு பதினெட்டு நாள் கட்டம். தளபதிகள் கணக்கு: பீஷ்மர் பத்து, துரோணர் ஐந்து, கர்ணன் இரண்டு, சல்லியர் ஒன்று. திசைதேர் வெள்ளம், கார்கடல், இருட்கனி, தீயின் எடை நான்கும் இந்த வரிசையை ஒட்டிப் போகின்றன. நாள் பக்கத்தில் வியூகத்தின் பெயர், அன்று விழுந்தவர்கள். வியூகத்தைப் புள்ளி வைத்து வரைந்துகொண்டால் யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது தெரியும். இல்லையென்றால் எல்லா அம்பும் ஒரே அம்புதான்.

ஜூன் 10, இரவு. குன்னூர்

கிராதத்தை விட்டுவிட்டேன். அது கடினம்தான், ஆனால் நிறுத்தவிடாது. பயமும் அருவருப்பும் இழுத்துக்கொண்டு போகும்.

ஜூன் 14. கோத்தகிரி

முதற்கனல்ல அம்பை வந்தாச்சு அண்ணா. அந்த இடத்துல நாலு அத்தியாயத்துக்கு மேல் போயிட்டேன், மூடச் சொன்னீங்க, மூட முடியல.

புத்தகமா வாங்கலாமா? செம்பதிப்பு குண்டு குண்டா இருக்கு, மழைக்காலம் வேற வருது.

ஜூன் 14. குன்னூர்

அம்பைக்கு விதிவிலக்கு உண்டு.

புத்தகம்: இணையத்தில் மழைப்பாடல் வரை படி. அதற்குப் பிறகும் வேகம் இருந்தால் வாங்கு. மொத்தமாக வாங்கி அடுக்கினால் அலமாரிதான் படிக்கும். மழையைப் பொறுத்தவரை கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே ஊறிவிடும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் உண்மையான ஆபத்து அக்டோபர், நவம்பர். காற்றின் ஈரப்பதம் அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை. மலைவீட்டு வெளிச்சுவர் வியர்க்கும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதே, ஒரு விரல் நுழையவேண்டும். எண்ணூறு பக்கக் கெட்டி அட்டையை நிமிர்த்தி வைத்தால் உள்தாள் தன் கனத்தில் தொங்கி முதுகிலிருந்து பிய்யும், படுக்கப்போடு, மூன்றுக்கு மேல் அடுக்காதே. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்தால் மாதம் ஒரு தடவை சூடுகாட்டி உலர்த்து, அது நிறைந்துவிட்டால் வெறும் மணல்தான். பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதே, உள்ளே இறங்கும். விரித்து மின்விசிறியில் உலர்த்தி, பிறகு வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டு. உச்சிவெயிலில் போட்டால் அட்டை வளையும்.

ஜூன் 15. கொடைக்கானல்

நடுவுல ஒண்ணு. தாண்டிக்குடி பக்கம் இருக்கற கல்திட்டைகள் மாதிரியானதைத் தென்னாட்டுல பல ஊர்லயும் பாண்டவர் வீடும்பாங்க. உங்க ஊர்லயும் பகாசுரன் மலை இருக்கே. பகாசுரன் எந்த நூல்?

ஜூன் 15. குன்னூர்

துருக்கம் இருக்கிற மலை. கோட்டை திப்பு காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது, பெயர் பீமன் காலத்தோடு. வியாச பாரதத்தில் பகன் ஏகசக்கர நகரில், அரக்கு மாளிகைக்கும் சுயம்வரத்துக்கும் நடுவே. வெண்முரசில் அந்தக் காலகட்டம் பிரயாகை. பாண்டவர்கள் குன்னூர் வந்ததாக எந்த நூலிலும் தேடாதே. கல்திட்டையும் பெருங்கற்காலப் புதைவிடம், வீடு இல்லை.

நூல் தலைப்புகளிலும் நம் பக்கத்துச் சாமான்கள் உண்டு. களிற்றியானை நிரை என்பது அகநானூற்றின் முதல் நூற்றிருபது பாட்டுக்குப் பெயர். அடுத்த நூல் குறுந்தொகை 290: 'கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லா குதுமே'. பாறையில் மோதிய நுரை. காதலி தன்னைச் சொல்லிக்கொள்ளும் வரி, நாவலில் ஒரு நகரமே அப்படிப் போகிறது. அந்த நூலைத் திறக்குமுன் இந்த ஒரு பாட்டைப் படித்துக்கொள், ஐந்தாறு வரிதான்.

ஜூலை 6. குன்னூர்

நீலத்தை ஏழாவதுக்கு முன் தள்ளலாம் என்று மே 28 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். யோசித்துப் பார்த்தால் அது நான்காவது இடத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த நூலான பிரயாகையில் கிருஷ்ணன் மைய ஓட்டத்துக்குள் வருகிறான், கணக்குத் தெரிந்த அரசியல்காரனாக. அவன் குழல் எங்கே போனது என்ற கேள்வி நீலத்தைப் படித்தவருக்குத்தான் வரும். தள்ளிப்போட்டால் ஏழாவது நூல் வரை அவன் வெறும் சாமர்த்தியசாலி. இந்திரநீலத்துக்கு முன் வைத்தால் பொருந்தும் என்று எழுதினேன், 'நீலம்' என்ற சொல் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

எனவே திருத்தம்: நீலம் நான்காவதிலேயே. ஆனால் தனியாக ஓட்டாமல், பிரயாகையோடு சேர்த்து ஓட்டு. இரவு பிரயாகை இரண்டு அத்தியாயம், விடிகாலை நீலம் ஒன்று, வாய்விட்டு. கண்ணால் படித்தால் பிடிபடாத சொற்றொடர் காதில் விழுந்தால் பிரிந்து நிற்கும். புரியாத சொல்லுக்கு அகராதி எடுக்காதே, அத்தியாயம் முடிந்தபின் பார். எதிர்வீட்டுக்காரர் கேட்டால் பாராயணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 6, இரவு. கொடைக்கானல்

ஆக, கடைசியில தள்ளிப்போட எதுவுமே இல்லை.

ஜூலை 7. குன்னூர்

ஒன்று இருக்கிறது. முதலாவிண். மிகச் சிறியது, ஓரிரு நாளில் முடியும். கல்பொருசிறுநுரை முடித்த கையோடு எடுக்காமல் ஒரு மாதம் கழித்து எடு.